ஒரே கடைக்குப் பல நாட்டு வாசல்

அந்நாளில் வணிகர்கள் சரக்கைக் கப்பலேற்றி அனுப்பினர். இந்நாளில் சரக்குக்கு முன்பே அதன் இணையப் பக்கம் கடல் கடந்துவிடுகிறது. திருவாதவூர் வட்டாரத்துப் பிள்ளைகளாகிய நமக்கு இது எட்டாத செய்தியன்று. மாமாவோ அண்ணனோ சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ வேலை பார்க்கும் வீடுகள் நம்மிடையே உண்டல்லவா?

மதுரைச் சுங்குடி 2005-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அச்சேலையை விற்கும் ஒருவர் இந்தியாவுக்கு ஒன்று, சிங்கப்பூருக்கு ஒன்று, பிரிட்டனுக்கு ஒன்று என மூன்று இணையதளங்கள் திறப்பதாக வைத்துக்கொள்வோம். சேலை ஒன்றே, படம் ஒன்றே, வருணனையும் ஒன்றே. விலை மட்டும் ரூபாய், டாலர், பவுண்டு என மாறும். தேடுபொறி இவற்றுள் எதை முன்னே காட்டும்?

ஒரே வகுப்பில் மூன்று மேரிகள் இருந்தால் வருகைப் பதிவின்போது என்ன நிகழும் என்பது தோழியர் அறிந்ததே. தேடுபொறிக்கும் அதே குழப்பம்தான். ஒன்றுபோல் உள்ள பக்கங்களை அது ஒரு கட்டாகச் சேர்த்து, ஒன்றை மட்டும் தேர்ந்து காட்டி, மற்றவற்றை ஒதுக்கி வைக்கும். இதனால் மேலூரில் தேடுபவருக்குச் சிங்கப்பூர் டாலர் விலை தோன்றக்கூடும். அவர் வாங்காமல் போய்விடுவார்; சிறு வணிகருக்கு அது கைநட்டம். இப்படிப்பட்ட பக்கங்களைக் கூகுள் தண்டிக்கும் என்று பலர் அஞ்சுகிறார்கள். ஏமாற்றும் எண்ணம் இல்லாதவரை அதற்குத் தண்டனை இல்லை.

மேரிகளுக்குத் தலைப்பெழுத்து இருப்பதுபோல் நாடுகளுக்கு முகவரி ஈறு உண்டு. இந்தியாவுக்கு டாட் இன், சிங்கப்பூருக்கு டாட் எஸ்ஜி. தமிழுக்கு இதில் ஒரு தனிப் பெருமை. டாட் இலங்கை 2010-லும், டாட் இந்தியா, டாட் சிங்கப்பூர் ஆகியவை 2011-லும் தமிழ் எழுத்திலேயே இணைய முகவரி ஈறுகளின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. ஒரே மொழியில் மூன்று நாடுகளின் ஈறுகள்!

2011-இன் இறுதியில் கூகுள் இன்னொரு வழியை அறிவித்தது. எச்ரெஃப்லாங் எனப்படும் அக்குறிப்பு, "இப்பக்கம் இன்ன மொழியினருக்கு, இன்ன நாட்டினருக்கு" என்று தேடுபொறிக்குச் சொல்லும். இதில் ஒரு நிபந்தனை உண்டு. திருமணத்துக்கு முன் மணமகள் பங்கிலும் மணமகன் பங்கிலும் ஓலை வாசிப்பார்கள் அல்லவா? அதுபோல் இந்தியப் பக்கம் சிங்கப்பூர்ப் பக்கத்தைச் சுட்டினால், சிங்கப்பூர்ப் பக்கமும் இந்தியப் பக்கத்தைச் சுட்ட வேண்டும். ஒருபக்க ஓலை செல்லாது. பிரிட்டனின் முகவரி ஈறு யூகே என்றாலும் இக்குறிப்பில் ஜிபி என்றே எழுத வேண்டும். தேர்ந்தவர்களும் இங்கே சறுக்குகிறார்கள்.

வருபவர் எந்த நாட்டினர் என்று கண்டு, அவரைத் தானாகவே அந்த நாட்டுத் தளத்துக்குத் தள்ளிவிடுவோரும் உண்டு. இது நல்ல முறையன்று என்பது நம் கருத்து. பக்கங்களைப் படித்துச் செல்லும் கூகுளின் நிரல் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்தே வருகிறது. அதையும் ஒரே தளத்துக்குத் தள்ளிவிட்டால் மற்றத் தளங்களை அது எப்படிக் காணும்? (அந்தக் கூகுளை 2015 முதல் தலைமையேற்று நடத்தும் சுந்தர் பிச்சை மதுரையில் பிறந்தவர் என்பதையும் இங்கே சொல்லி வைப்போம்.)

எச்ரெஃப்லாங் குறிப்பு, தேடல் வரிசையில் ஒரு தளத்தை மேலே ஏற்றாது. உரியவருக்கு உரிய பக்கத்தை மாற்றிக் காட்டும், அவ்வளவே. மேலே ஏறுவதற்கு அந்தந்த நாட்டுத் தளங்கள் நம் பக்கத்தைச் சுட்ட வேண்டும். பக்கத்திலும் அந்நாட்டாருக்கு உரிய சரக்கு இருக்க வேண்டும். லண்டனுக்குச் சேலை போய்ச்சேர எத்தனை நாள், அஞ்சல் செலவு எவ்வளவு, சுங்க வரியை யார் கட்டுவது, பிடிக்காவிட்டால் எங்கே திருப்பி அனுப்புவது என்பனவற்றைப் பிரிட்டன் பக்கத்தில் எழுதிவிட்டால், அது இந்தியப் பக்கத்தின் நகலாக இராது.