கருவில் ஆண் பெண் வேறுபாடு

பிறக்கும் குழவி ஆணா பெண்ணா என்பது கருவுற்ற கணத்திலேயே முடிந்துவிடுகின்றது என்பர் பலர். இஃது ஒருபுடை உண்மையே. தாயின் சூல் எக்சு நிறமூர்த்தத்தைத் தரும். தந்தையின் விந்து எக்சு நிறமூர்த்தத்தையோ வை நிறமூர்த்தத்தையோ தரும். ஆயினும் நிறமூர்த்தத்தின் கட்டளை உடலுறுப்பாக உருப்பெறுதற்கு ஓமோன்களின் தொழிற்பாடும் வேண்டற்பாலது. அதனை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வாம்.

கருவுற்று 6 வாரமான மனித முளையத்தின் உறுப்புகளை நோக்கி அஃது ஆணோ பெண்ணோ எனக் கூறுதல் இயலாது. விதையாகவோ சூலகமாகவோ மாறவல்ல இரு சனனிகள் அதனகத்துள. அவற்றை அடுத்து இருவகைக் கான்களும் உள. ஒன்று உவுல்பின் கான். மற்றையது மியுல்லரின் கான். முன்னையது ஆணின் விந்து செல்லும் வழியாகவும், பின்னையது பெண்ணின் கருப்பையாகவும் பலோப்பியன் குழாய்களாகவும் வளரத்தக்கவை. எனவே மனிதர் யாவரும் ஒரு காலத்து இருபாற் கான்களையும் தம்முட் கொண்டிருந்தவரே.

இவற்றுள் ஒன்று நிலைக்க மற்றையது மறைவது எங்ஙனம்? பிரான்சு நாட்டறிஞர் அல்பிரெட் ஜோஸ்ற் 1947ஆம் ஆண்டில் இதற்கு விடை கண்டார். தாய்முயலின் கருப்பையுள் வளர்ந்த குட்டிகளின் சனனிகளை, பால் வேறுபடுமுன், அவர் அறுத்து நீக்கினார். நிறமூர்த்தத்தால் ஆணாயினும் பெண்ணாயினும் அக்குட்டிகள் யாவும் பெண்ணுறுப்புகளையே பெற்றன. விதைக்கு ஈடாகத் தெசுத்தொசுத்தரோனை இட்டபோது உவுல்பின் கான் நிலைத்தது. ஆனால் மியுல்லரின் கான் அழிந்திலது. ஆகவே விதை சுரக்கும் ஓமோன்கள் இரண்டு என்பது பெறப்பட்டது. ஒன்று ஆணின் கான்களை வளர்க்கும் தெசுத்தொசுத்தரோன். மற்றையது மியுல்லரின் கானை ஒடுக்கும் ஓமோன். மனித முளையத்தில் 8ஆம் வாரமளவில் விதை தெசுத்தொசுத்தரோனைச் சுரக்கத் தொடங்கும். 12ஆம் வாரமளவில் புறவுறுப்பு வேறுபாடு புலப்படும்.

சனனியை விதையாக்குவது யாது? வை நிறமூர்த்தத்திலுள்ள எசு.ஆர்.வை என்னும் பரம்பரையலகே என 1990இல் இலண்டன் ஆய்வாளர் கண்டனர். 1991இல் அதனை இரு எக்சு நிறமூர்த்தங்களையுடைய சுண்டெலி முளையத்திற் புகுத்தியபோது அது ஆணாகவே வளர்ந்தது. இதனாற் பெண்ணுடல் வாளா அமைந்துவிடுகின்றது எனக் கொள்ளற்க. சூலகம் அமைதற்கும் தனிப் பரம்பரையலகுகள் உள. பெண்ணில் உவுல்பின் கானை நீக்குதற்கும் தனிப் பொறிமுறை உண்டென்பது 2017இற் சுண்டெலிகளில் அறியப்பட்டது.

மனிதரிடத்தும் இவ்வுண்மைக்குச் சான்றுண்டு. சிலர்க்கு வை நிறமூர்த்தமும் விதையும் தெசுத்தொசுத்தரோனும் இருந்தும், அவ்வோமோனை ஏற்கும் வாங்கி தொழிற்படாது. அவர் புறத்தோற்றத்தாற் பெண்ணாகவே பிறந்து வளர்வர். விதையின் மற்றை ஓமோன் தன் தொழிலைச் செய்துவிட்டமையாற் கருப்பை மட்டும் இராது. பூப்பெய்தாமை கண்டு மருத்துவரை நாடும்போதே பலர் இதனை அறிகின்றனர்.

பெண்மகவையே பெற்றாளென மனைவியைப் பழிப்போரும், உடலமைப்பு வேறுபட்டுப் பிறந்தாரை எள்ளுவோரும் இன்றும் நம்மிடையே உளர். குழவிக்கு வை நிறமூர்த்தம் கிடைப்பது தந்தையின் விந்தாலேயே என்பதை முன்னையோர் உணர்ந்திலர். ஓமோனும் வாங்கியும் ஒன்றையொன்று சாராவிடின் உடலமைப்பு வேறுபடும், அது பிறந்தார் குற்றமன்று என்பதைப் பின்னையோர் உணர்ந்திலர். இவ்வறிவை வகுப்பறையிற் கூச்சமின்றித் தெளிவுற உரைத்தல் ஆசிரியர் கடனாகும்.