டெல்லிக்குச் செய்த அலங்கார ஊர்தி பாப்பாரப்பட்டிக்கு வருமா?

2022 குடியரசு தின அணிவகுப்பில் தமிழ்நாட்டு ஊர்திக்கு டெல்லியில் இடம் கிடைக்கவில்லை, ஞாபகம் இருக்கிறதா? வ.உ.சி., பாரதியார், வேலு நாச்சியார் எனப் போராட்ட வீரர்களைக் காட்டும் ஊர்தி அது. மறுப்பு வந்ததும், சென்னை விழாவில் அதை வைப்போம், பிறகு மாநிலத்தின் முக்கிய நகரங்களுக்கும் அனுப்புவோம் என்று முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார்.

'லாரில ஏத்துனா ஆச்சு' என்று தோன்றும். அவ்வளவு சுலபம் இல்லை.

டெல்லி அணிவகுப்புக்கான விதிப்படி ஓர் ஊர்தி 45 அடி நீளம், 14 அடி அகலம், தரையிலிருந்து 16 அடி உயரம் வரை இருக்கலாம். இழுக்கும் டிராக்டரையும் டிரெய்லரையும் பாதுகாப்பு அமைச்சகமே தரும். குறுக்கே ஒரு மின்கம்பிகூட இல்லாத கர்தவ்ய பாதைக்கு (அன்றைய ராஜபாதை) இந்த அளவு சரி. ஆனால் சாதாரண சாலையில் ஓடும் வண்டி 2.6 மீட்டர் அகலத்தைத் தாண்டக் கூடாது என்கிறது மோட்டார் வாகன விதி. அதாவது எட்டரை அடி. டெல்லி அளவில் செய்தால் இரண்டு பக்கமும் சேர்த்து ஐந்தரை அடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்!

அதனால் ஊர் ஊராகப் போகும் காட்சி மாதிரியை, பிரிக்கும் இடத்தை முதலில் முடிவு செய்துவிட்டுத்தான் கட்ட வேண்டும். அடியில் இரும்புச் சட்டகம். மேலே களிமண்ணில் உருவம் செய்து, அச்சு எடுத்து, பைபரில் வார்த்த பொம்மைகள். கப்பலின் பாய்மரம், தூக்கிய கை, ஈட்டி முனை எல்லாம் போல்ட்டைக் கழற்றினால் தனியே வந்துவிட வேண்டும். துண்டுக்குத் துண்டு எண் போட்டால்தான் மறுபடி பூட்டும்போது குழப்பம் வராது.

பிரிக்கவே முடியாத பொருள் என்றால் என்ன ஆகும்? திருவண்ணாமலை மாவட்டம் கொரக்கோட்டையிலிருந்து பெங்களூருவுக்குப் போன பிரம்மாண்ட பெருமாள் சிலையைக் கேளுங்கள். ஒரே கல். 240 சக்கர வண்டியில் கிருஷ்ணகிரி வழியாகப் போய்ச் சேர மாதக்கணக்கில் ஆனது. ஆற்றைக் கடக்கத் தற்காலிக மண்பாதை போட வேண்டியிருந்தது.

பைபர் பொம்மைக்கு எடை பிரச்சினை இல்லை, காற்றுதான் பிரச்சினை. உயரமான, உள்ளே வெற்றிடமான காட்சி பாய்மரம் மாதிரி காற்றை வாங்கும். தர்மபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கும் தொப்பூர் கணவாயில் சரக்கு லாரிகளே பிரேக் பிடிக்காமல் மோதுவது அடிக்கடி வரும் செய்தி. அந்தச் சரிவில் மேல்பாரமான வண்டியை இறக்குவதாக இருந்தால் உயரமான துண்டுகளைக் கழற்றிப் படுக்க வைத்துவிட்டு, மெதுவாகத்தான் இறங்க வேண்டும். அதிர்ச்சியில் முதலில் விரிசல் விடுவது மூட்டுகள்தான். பெயின்ட் டப்பாவும் பைபர் பசையும் கூடவே வர வேண்டும்.

இவ்வளவு பாடு தர்மபுரிக்கு எதற்கு? காரணம் இருக்கிறது. வ.உ.சி.யோடு 1908-ல் கைதான சுப்பிரமணிய சிவா, 1925 ஜூலை 23-ல் உயிர்விட்டது இந்த மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியில். சிறையில் தொழுநோய் வந்ததால் அவர் ரயில் ஏறவே ஆங்கில அரசு தடை போட்டது. நடந்தும் மாட்டு வண்டியிலும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். அங்கே அவர் கட்ட நினைத்த பாரத மாதா ஆலயத்துக்கு 1923-ல் அடிக்கல் நாட்டியவர் சி.ஆர்.தாஸ்.

நெடுஞ்சாலைப் பாலங்களின் அடியில் 5.5 மீட்டர் இடைவெளி உண்டு, 16 அடி ஊர்தியே நுழைந்துவிடும். நெடுஞ்சாலையை விட்டுக் கிராமத்துக்குத் திரும்பிய பிறகுதான் வேலை அதிகம். தாழ்ந்த மின்கம்பி, புளியமரக் கிளை, பஸ் திரும்பும் முக்கு. முந்தின நாளே டேப்போடு பைக்கில் போய் ஒவ்வொன்றையும் அளந்து வருவதுதான் வழி.