இயன்முறை மருத்துவம்: ஆறாண்டு முனைவர் படிப்பும் அதன் செலவுக் கணக்கும்

அமெரிக்காவில் இயன்முறை மருத்துவராகப் பணியாற்ற விரும்புவோர், ‘டி.பி.டி.’ எனப்படும் முனைவர் பட்டம் பெற்று, தேசிய உரிமத் தேர்விலும் தேறியாக வேண்டும். ஆய்வேட்டை மையமாகக் கொண்ட பிஎச்.டி.யிலிருந்து வேறுபட்ட இது, சிகிச்சை அளிக்கப் பயிற்றுவிக்கும் தொழில்முறைப் பட்டமாகும். கிரெய்ட்டன் பல்கலைக்கழகம் 1993இல் தொடங்கிவைத்த இப்பட்டத்தை, ‘கேப்டி’ எனும் அங்கீகார ஆணையம் 2016 முதல் இத்தொழிலுக்கான ஒரே நுழைவுப் பட்டமாக்கியது.

வழக்கமான பாதையில் நான்காண்டு இளநிலைப் பட்டத்தை முடித்து, மீண்டும் விண்ணப்பித்துப் போட்டியிட்டு, ஏறத்தாழ மூன்றாண்டு முனைவர் படிப்பில் சேரவேண்டும். இதற்கு மாற்றாக இத்தாக்கா, மார்க்கெட், டுகேன் போன்ற தனியார் கல்வி நிறுவனங்கள், பள்ளிப் படிப்பு முடிந்ததும் இரு பட்டங்களுக்கும் சேர்த்தே இடமளிக்கும் ஆறாண்டு ஒருங்கிணைந்த படிப்பை நடத்துகின்றன. இதில் இளநிலையின் இறுதியாண்டும் முனைவர் படிப்பின் முதலாண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக அமைவதால், ஓராண்டு மிச்சமாகிறது.

ஆயினும் அந்த இடம் நிபந்தனைக்கு உட்பட்டது. குறிப்பிட்ட மதிப்பெண் சராசரியைத் தக்கவைத்து, உடற்கூறியல், வேதியியல், இயற்பியல் போன்ற பாடங்களில் வரையறுத்த தரத்தைப் பெற்றவர்களே அடுத்த கட்டத்துக்கு அனுமதிக்கப்படுகிறார்கள். ஆகவே, தகுதி இழப்பவர் எந்த இளநிலைப் பட்டத்துடன், எத்தனை ஆண்டுகளில் வெளியேற முடியும் என்பதைச் சேரும் முன்பே கேட்டறிவது அவசியமாகும்.

மிச்சமாகும் ஓராண்டு எவ்வளவு பணத்தை மிச்சப்படுத்தும் என்பது, இரு கட்டங்களும் மேற்பொருந்தும் நான்காம் ஆண்டில் மாணவர் எந்த நிலையினராகக் கணக்கிடப்படுகிறார் என்பதைப் பொறுத்தது. இளநிலை மாணவராகக் கருதப்படும் வரையில், குறைந்த வருவாய்க் குடும்பத்தினருக்கான, திருப்பிச் செலுத்தத் தேவையற்ற ‘பெல்’ உதவித்தொகையும் (2025–26இல் அதிகபட்சம் 7,395 டாலர்), படிக்கும் காலத்து வட்டியை அரசே ஏற்கும் கடனும் தகுதியுடையோருக்குக் கிடைக்கும். முதுநிலை மாணவராகிவிட்டால் இவ்விரண்டும் நின்றுபோவதோடு, சேர்க்கையின்போது கல்லூரி அறிவித்த கட்டணச் சலுகையும் பெரும்பாலும் முடிவுக்கு வந்துவிடுகிறது. முதலாண்டுச் சலுகையை மட்டும் பார்த்து முடிவெடுக்கும் குடும்பங்கள், செலவு மிகும் பிற்பாதியிலேயே உதவி குறைகிறது என்பதைக் காலம் தாழ்ந்தே உணர நேரிடுகிறது.

2025இல் இயற்றப்பட்ட சட்டம் இந்தப் பிற்பாதியை மேலும் கடினமாக்கியிருக்கிறது. படிப்புக்கான முழுச் செலவு வரை மத்திய அரசிடம் கடன் பெற வழிசெய்த ‘கிராட் பிளஸ்’ திட்டம், 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் பெறுவோருக்கு இல்லை. அதற்கு மாற்றாக, தொழில்முறைப் படிப்பினருக்கு ஆண்டுக்கு 50,000 டாலரும் ஏனைய முதுநிலையினருக்கு 20,500 டாலரும் உச்சவரம்பாக வகுக்கப்பட்டன. கல்வித்துறையின் குழு 2025 நவம்பரில் ஏற்ற வரைவு வரையறையோ, மருத்துவம், பல் மருத்துவம் ஆகியவற்றைத் தொழில்முறைப் படிப்புகளாகக் கொண்டு, இயன்முறை மருத்துவத்தை விட்டுவிட்டது. அவ்வரைவின்படி மூன்றாண்டுகளுக்கு 61,500 டாலர் மட்டுமே அரசுக் கடனாகக் கிடைக்குமாதலால், எஞ்சிய தொகைக்குச் சேமிப்பையோ தனியார் கடனையோ நாடவேண்டியிருக்கும். மாணவர் விசாவில் செல்லும் வெளிநாட்டினருக்கு இந்த அரசுக் கடனும் கிடையாது.

எனவே, ஒப்பீடு ஆறாண்டுகளின் மொத்தச் செலவைக் கொண்டே அமையவேண்டும். கட்டணம், உறைவிடம் ஆகியவற்றோடு, குறைந்தது 30 வாரங்கள் நீளும் முழுநேர மருத்துவமனைப் பயிற்சிக்கான பயணத்தையும் தங்குமிடத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, அத்தொகையைச் சொந்த மாநில அரசுப் பல்கலைக்கழகத்தில் ஏழாண்டுகள் பயில ஆகும் செலவோடு ஒப்பிட்டால், ஓராண்டு கூடினும் பின்னதே மலிவாக இருப்பதுண்டு. ‘கேப்டி’ அங்கீகாரம் பெற்ற துறைகள் வெளியிடவேண்டிய நிதித் தகவல் தாளும் தேர்ச்சி விழுக்காடும் இக்கணக்குக்கு உதவும்.

2024 மே நிலவரப்படி இத்தொழிலில் ஆண்டு ஊதியத்தின் இடைநிலை மதிப்பு, அதாவது பாதிப்பேர் அதைவிடக் கூடுதலாகப் பெறும் அளவு, 101,020 டாலர். பட்டம் பெறும் நாளில் நிற்கும் மொத்தக் கடன் இந்தத் தொகையை வெகுவாக விஞ்சுமெனில், உறுதியளிக்கப்பட்ட இடத்தைக் கைவிட்டு நீண்ட பாதையைத் தேர்வதே பொருளியல் நோக்கில் பொருத்தமான முடிவாகும்.