தலைவன் எந்த யந்திரம்?

கம்பம் பள்ளத்தாக்கின் கோடியில், குமுளி மலைப்பாதையின் அடிவாரத்தில் இருக்கிறது லோயர் கேம்ப். தேக்கடியிலிருந்து மலையைக் குடைந்து வரும் பெரியாற்றுத் தண்ணீர், இங்கே நான்கு ராட்சதக் குழாய்களில் இறங்குகிறது. மின்சார நிலையத்தில் நான்கு யந்திரங்களைச் சுழற்றிவிட்டு வயல்களுக்குப் போகிறது.

இந்த நான்கில் தலைமை யந்திரம் எது?

எதுவுமே இல்லை!

கம்பி சொல்லும் சேதி

இணைந்து ஓடும் மின்சார யந்திரங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே தாளம்: வினாடிக்கு 50 அலை. 2013 டிசம்பர் 31 அன்று தென்னிந்தியாவும் வடக்கோடு இந்தத் தாளத்தில் சேர்ந்தது. மின்சாரச் செலவு திடீரென ஏறினால் தாளம் இம்மியளவு குறையும். கம்பி வழியாகவே எல்லா யந்திரங்களுக்கும் அது தெரிந்துவிடும். யாரையும் கேட்க வேண்டியதில்லை.

கம்ப்யூட்டர்களுக்கு இந்த வசதி கிடையாது. பணக் கணக்கு போன்றவற்றை, ஒன்று பழுதானாலும் அழியாதபடி, பல கம்ப்யூட்டர்களில் வைக்கிறார்கள். ஆளுக்கொரு கணக்கு எழுதினால் ஒரே பணம் இருவருக்குப் போய்விடுமே! ஆகவே அவற்றுக்கு ஒரு தலைவன் வேண்டும்.

யந்திரங்களின் தேர்தல்

இதற்கு ஒரு வழியை 2014-ல் வெளியிட்டார்கள், அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த டியாகோ ஓங்காரோவும் ஜான் ஔஸ்டர்ஹௌட்டும். அதன் பெயர் 'ராஃப்ட்'.

ஐந்து கம்ப்யூட்டர்கள் இருப்பதாக வைத்துக் கொள்வோம். தலைவன், 'இருக்கிறேன், இருக்கிறேன்' என்று மற்ற நான்குக்கும் சேதி அனுப்பிக்கொண்டே இருக்கும். சேதி நின்றால் உடனே தேர்தல்! மூன்று ஓட்டு வாங்கியது தலைவன். ஒவ்வொரு தேர்தலுக்கும் ஓர் எண் உண்டு. அது ஏறிக்கொண்டே போகும்.

வெளியிலிருந்து வருகிறவர் ஐந்தில் எதைக் கேட்டாலும், தனக்குத் தெரிந்த தலைவனை அது காட்டும். ஆனால் அந்தப் பதில் பழைய பதிலாக இருந்தால்?

பதவி போனது தெரியாமல்

தலைவனுக்குப் போகும் கம்பி அறுந்துவிடுகிறது. மற்ற நான்கும் வேறொன்றைத் தேர்ந்தெடுத்துவிடுகின்றன. பழைய தலைவனுக்கு அது தெரியாது. தானே தலைவன் என்று நினைத்துக்கொண்டிருக்கும்!

அதனால்தான் ஒரு கட்டுப்பாடு. கேள்விக்குப் பதில் சொல்லுமுன், தலைவன் இன்னும் இரண்டு கம்ப்யூட்டர்களிடமாவது தன் பதவியை உறுதி செய்துகொள்ள வேண்டும். அவை பேசாவிட்டால் தானும் பேசக் கூடாது. கம்பி சரியானதும் பெரிய தேர்தல் எண்ணைக் காணும். மறுபேச்சில்லாமல் பதவி விலகும்.

பெரும்பான்மை ஆமோதித்தால்தான் தலைவன். 'நானே தலைவன்' என்ற வாய்ச்சொல் அங்கே செல்லாது!