வானொலியில் நான் வாசித்த பொய்

விடியற்காலையில் எங்கள் குடும்பப் புலனக் குழுவில் சித்தி ஒரு தகவலைப் போட்டிருந்தார். நாளை முதல் 'அஃபெலியன்'. சூரியனுக்கும் பூமிக்கும் இடையே வழக்கமாக 90 மில்லியன் கிலோமீட்டர், இனி 152 மில்லியன். ஆகஸ்டு வரை கடும் குளிர், காய்ச்சல், மூச்சுத்திணறல். எல்லாருக்கும் பகிரவும்!

சுவையான செய்தியாயிற்றே என்று ஏழு மணி நிகழ்ச்சியில் அப்படியே வாசித்துவிட்டேன். அடுத்த பாடல் முடிவதற்குள் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அழைத்தார்.

"ஏம்மா, பூமி சூரியனுக்குக் கிட்ட வர்றது ஜனவரியிலதான். தூரம்தான் காரணம்னா அப்போ நாம வெந்துல்ல போகணும்?"

என்னிடம் பதில் இல்லை.

தேடிப் பார்த்தேன். 'அஃபெலியன்' உண்மைதான். ஒவ்வோர் ஆண்டும் ஜூலைத் தொடக்கத்தில் பூமி சுமார் 152 மில்லியன் கிலோமீட்டர் தொலைவில் இருக்கும். ஜனவரித் தொடக்கத்தில் 147 மில்லியன். வித்தியாசம் மூன்று விழுக்காடுதான். அந்த 90 மில்லியன்தான் பொய். நிஜமான ஓர் அறிவியல் சொல்லோடு வந்ததால் அது என் கண்ணில் படவில்லை.

சரி, சின்னப் பொய்தானே என்று விட முடியவில்லை. அதே குழுவில் சித்தப்பா எழுதினார்: "பாத்தீங்களா, சூடும் குளிரும் சூரியன் செய்யற வேலை. பருவநிலை மாற்றம்னு சும்மா பயமுறுத்துறாங்க."

சூரியனின் தூரம் ஆண்டுதோறும் ஒரே மாதிரிதான் கூடிக் குறைகிறது. ஆண்டுக்கு ஆண்டு ஏறும் வெப்பத்துக்கு அது காரணமாக முடியாது. ஏறியிருப்பது கரியமில வாயு. தொழில்புரட்சிக்கு முன் ஒரு மில்லியன் பங்கு காற்றில் சுமார் 280 பங்காக இருந்தது, இன்று 420ஐத் தாண்டிவிட்டது. பதிவான ஆண்டுகளில் மிக வெப்பமானது 2024 என்கிறது உலக வானிலை அமைப்பு.

சித்தப்பா கட்டுமானத் தளத்தில் நாள் முழுக்க வெயிலில் நிற்கிறவர். 1998இல் பெர்லிஸ், சுப்பிங்கில் 40.1 பாகை செல்சியஸ் பதிவான நாடு இது. மூன்று நாள் தொடர்ந்து 35 பாகையைத் தொட்டாலே வானிலை ஆய்வுத் துறை எச்சரிக்கை விடும். பொய்களைக் கேட்டுச் சலித்துப்போய், அந்த மெய்யான எச்சரிக்கையையும் அவர் ஒதுக்கிவிட்டால்? என் பயம் அதுதான்.

மறுநாள் அதே ஏழு மணிக்குத் தவற்றை ஒப்புக்கொண்டு, சரியான தகவலைச் சொன்னேன். சித்தப்பாவிடம் குழுவில் வாதாடவில்லை. தனியாக அழைத்து, ஆசிரியர் கேட்ட அதே கேள்வியைக் கேட்டேன்.

இப்போது எதையும் பகிருமுன் மூன்று கேள்விகள் கேட்கிறேன். சொன்னது யார்? 'நாளை' என்றால் எந்தத் தேதி? எண் சரியா? சந்தேகம் வந்தால் வானிலை ஆய்வுத் துறையின் பக்கத்தையும், அரசின் 'செபெனார்ஞா' தளத்தையும் பார்க்கிறேன். ஐந்து நிமிடம் போதும்.

சித்தப்பா இன்னும் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் வெயில் கொளுத்தும் நாள்களில், "இன்னிக்கு எச்சரிக்கை ஏதும் வந்துச்சாம்மா?" என்று அவரே அழைத்துக் கேட்கிறார்.