நல்லூர் இராசதானி எதை விற்று வாழ்ந்தது?

தலைநகரம் என்றதும் அரண்மனையும் கோட்டையும் கோயிலும்தான் எங்கட மனதில் முதலில் வரும். அந்த நகரம் எதைத் தின்று வாழ்ந்தது, எதை விற்றுக் காசு பார்த்தது என்று கேட்கிறவர்கள் குறைவு. போர்த்துக்கேயரின் தலைநகரான லிஸ்பனை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே மிளகுக்கொடியும் இல்லை, கறுவா மரமும் இல்லை. மலபாரிலும் இலங்கையிலும் விளைந்த சரக்கு 'காசா டா இந்தியா' என்ற அரச பண்டசாலைக்குப் போய்ச் சேர்ந்தபடியால்தான் 16ஆம் நூற்றாண்டில் அது ஐரோப்பாவின் பணக்கார நகரங்களில் ஒன்றாயிற்று. தலைநகரத்தின் பொருளாதாரம் பெரும்பாலும் அதன் மதிலுக்கு வெளியேதான் இருக்கும். யாழ்ப்பாண அரசின் தலைநகராயிருந்த நல்லூருக்கும் இதே கணக்குத்தான்.

குடாநாட்டிலே பெரிய ஆறு கிடையாது. கிணற்றுத் தண்ணீரும் மாரி மழையும்தான் விவசாயத்துக்கு ஆதாரம். விளைந்த நெல் சனத்துக்குப் போதாது. குறைந்த அரிசி வன்னியில் இருந்தும் வங்கக் கடலுக்கு அப்பால் இருந்தும் வந்தது. ஆக, அரசின் கைக்குப் பெரிய காசு வயலில் இருந்து வரவில்லை. மன்னார்க் கடலின் முத்தும் சங்கும், வன்னிக் காட்டின் யானையும்தான் அதைக் கொண்டுவந்தன. சங்கு வங்காளத்துக்குப் போய் வளையலாயிற்று. ஆரியச்சக்கரவர்த்திகள் நந்தி உருவமும் 'சேது' என்ற எழுத்தும் பொறித்த காசுகளை வெளியிட்டார்கள். சொந்தக் காசு அடிக்கிற அளவுக்குக் கொடுக்கல் வாங்கல் நடந்திருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

யானையின் பாதையைக் கொஞ்சம் பார்ப்போம். இன்று முரசுமோட்டை வயல்கள் இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் விளைகின்றன. அந்தக் குளம் 20ஆம் நூற்றாண்டின் வேலை. அதற்கு முந்திய வன்னி, காடும் சிறு குளங்களும் மோட்டைகளும் நிறைந்த நாடு. ஊர்ப் பெயரிலுள்ள 'மோட்டை'யும் சிறு நீர்நிலையைத்தான் குறிக்கும். வன்னிமைகள் திறையாகச் செலுத்தியவற்றில் யானை முக்கியமானது. பிடித்த யானைகளைத் தெற்கிலிருந்து நடத்திவந்து, கடல்நீரேரியின் ஆழமில்லாத இடத்தால் குடாநாட்டுக்குள் இறக்கினார்கள். ஆனையிறவு என்ற பெயர் அந்தப் பாதையின் ஞாபகம். அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கும், பிறகு ஊர்காவற்றுறையில் கப்பலுக்கும் கொண்டுபோனார்கள்.

சரக்கு இருந்தால் மட்டும் சந்தை உண்டாகாது. வாங்குகிறவனையும் விற்கிறவனையும் இணைக்க ஆள் வேணும். கடன் கொடுக்கவும், கடலைத் தாண்டிய ஊரில் ஒரு சொல்லுக்கு மதிப்பிருக்கவும் வேணும். மன்னார்க் குடாவின் இரு கரைகளிலும் உறவும் கொடுக்கல் வாங்கலும் வைத்திருந்த சோனகர், மரைக்காயர்கள் அந்த வேலையைச் செய்தவர்களில் முக்கியமானவர்கள். 1344இல் இப்னு பதூதா மாலைதீவில் இருந்து புறப்பட்டு, புயலில் திசை மாறிப் புத்தளம் கரைக்கு வந்தார். அங்கே அவரை வரவேற்ற ஆரியச்சக்கரவர்த்தி பாரசீக மொழி விளங்கியவர். முத்துகளைக் காட்டிப் பேசினார். அவருடைய கப்பல்கள் யமனுக்குப் போகிறவை என்றும் பதூதா எழுதுகிறார். ஒரு தமிழ் அரசனுக்குப் பாரசீகம் ஏன் தேவைப்பட்டது? அந்தக் காலத்து இந்து சமுத்திரத்தில் அது வியாபாரத்தின் மொழிகளில் ஒன்று, அவ்வளவுதான்.

1560இல் மன்னாரைப் பிடித்த போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண அரசையே முடித்துவைத்தார்கள். நல்லூரின் இடத்தைக் கடலோரக் கோட்டை எடுத்தது. 1658இல் ஒல்லாந்தர் வந்தார்கள். ஆட்சி மாறியதே தவிர, வருமானத்தின் ஊற்று மாறவில்லை. மாத்தறைப் பக்கத்து யானைகளும்கூட வன்னி வழியாக யாழ்ப்பாணத்துக்கு நடத்தப்பட்டன. உயரத்தை முழக்கணக்கில் அளந்து விலை வைத்தார்கள். வாங்க வந்தவர்களில் கோல்கொண்டா முஸ்லிம் வியாபாரிகள் பெரும்புள்ளிகள். அதே ஒல்லாந்தர்தான் உள்ளூர்ச் சோனகரின் வியாபாரத்தை நெருக்கி, அவர்கள்மேல் ஊழியக் கடமையையும் சுமத்தினார்கள். வெளியூர் முஸ்லிமின் பணம் வேணும், உள்ளூர் முஸ்லிமின் போட்டி வேண்டாம். காரணம் மதம் மட்டுமில்லை, ஏகபோகமும்தான்.

இந்தக் கணக்கு இன்றைக்கு ஏன் வேணும்? 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணம் சோனகத் தெருச் சனங்களுக்குக் கிடைத்தது இரண்டு மணித்தியாலம். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் மன்னாரிலும் கடை, காணி, தோணி எல்லாம் விட்டுப்போயிற்று. பெரும்பாலானோர் போய்ச் சேர்ந்த இடம் அதே புத்தளம். போர் முடிந்து திரும்பியவர்களில் பலருக்கு வீடு கிடைத்தாலும் தொழில் கிடைக்கவில்லை. ஒரு தலைமுறையாக அறுந்த கடனும் நாணயமும் வாடிக்கையும் காணி உறுதியைக் காட்டியவுடன் திரும்பி வருகிற சாமான்கள் இல்லை. மீள்குடியேற்றத்தைக் கூரைத்தகடு, சீமெந்துக் கணக்கில் மட்டும் அளக்கிறவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

'பிறகு வந்து கடை போட்டவர்கள்' என்று வடக்கு முஸ்லிம்களைப் பற்றிச் சிலர் இலேசாகச் சொல்கிறார்கள். இந்த மண்ணின் பழைய இராசதானியைச் சந்தையோடு இணைத்தவர்களில் அவர்களின் முன்னோரும் உண்டு என்பதே வரலாறு. ஆனால் அரசர்களின் பெயர்கள் எழுதப்பட்ட அளவுக்குக் கணக்குப் புத்தகங்கள் காக்கப்படவில்லை. 1990க்கு முன் வடக்கில் கடை வைத்திருந்த எங்கட பெரியவர்களுக்கு வயது போய்க்கொண்டிருக்கிறது. யாரிடம் நெல் வாங்கினார்கள், யாருக்குக் கடன் கொடுத்தார்கள், எந்த லொறியில் சரக்கு வந்தது என்பதை அவர்கள் வாயால் கேட்டு எழுதிவைப்பது இப்போது முடியும். இன்னும் பத்து வருசம் கழித்து அது கஷ்டம்.