கஞ்சா வேட்டையும் கணக்கில் வராதவர்களும்

ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறக்கப்போகிறது என்றால், தஞ்சை, திருவாரூர், நாகை பக்கத்துச் செய்திகளில் ஒரு தொடர் தவறாமல் வரும்: ‘போர்க்கால அடிப்படையில் தூர்வாரும் பணி’. கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேரவேண்டிய அவசரத்துக்கு அது பொருத்தமான சொல்தான். அங்கே எதிரி வண்டல் மண்ணும் ஆகாயத்தாமரையும். பொக்லைன் இறங்குவதால் எந்தக் குடும்பமும் சிதைவதில்லை.

அதே மொழி மனிதர்கள் மீது திரும்பும்போது நிலைமை வேறு.

2021 டிசம்பரில் தமிழகக் காவல்துறை ‘ஆபரேஷன் கஞ்சா வேட்டை’யைத் தொடங்கியது, அது 2.0, 3.0, 4.0 என்று நீண்டது. ஆந்திர மலைப்பகுதிகளில் விளையும் கஞ்சா, வேதாரண்யம் கடற்கரை வழியாக இலங்கைக்குக் கடத்தப்படுவதால் டெல்டாவுக்கும் இது சொந்தப் பிரச்சினை. கடத்துபவர்களைப் பிடித்தே ஆகவேண்டும். ஆனால், வேட்டையில் எண்ணப்படுவது கைதும் பறிமுதலும்தான். பழக்கத்திலிருந்து மீண்டவர்களை அந்தக் கணக்கில் எங்கே சேர்ப்பது?

1971-ல் அமெரிக்க அதிபர் நிக்சன் போதைப் பழக்கத்தை நாட்டின் முதல் எதிரியாக அறிவித்தார். எதிரி என்று வந்துவிட்டால் ஆயுதத்தைக் கூட்டத்தான் தோன்றும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி விஷச்சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அதே மாத இறுதியில், மரணம் விளைவிக்கும் கள்ளச்சாராயக் குற்றத்துக்கு ஆயுள் தண்டனை வரை விதிக்கும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில், 2023 டிசம்பரில் தொடங்கிய ‘யுக்திய’ போதை ஒழிப்பு நடவடிக்கை ஒரு மாதத்துக்குள் பல்லாயிரம் பேரைக் கைது செய்தது, ஐ.நா. மனித உரிமை நிபுணர்கள் அதை உடனே நிறுத்தி மறுபரிசீலனை செய்யச் சொன்னார்கள்.

நம் சட்டத்திலேயே இன்னொரு வழி இருக்கிறது. 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், 27-வது பிரிவில் கஞ்சா புகைப்பவருக்கு ஆறு மாதம் வரை சிறை என்கிறது. அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, போதைக்கு அடிமையானவர் தானாக முன்வந்து சிகிச்சை பெற்று முடித்தால் சிறு அளவு குற்றத்துக்கு வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவதொரு சிகிச்சை கிடைக்கிறது. சட்டவிரோதப் போதைப்பொருளுக்கு அடிமையானவர்களில் 20 பேரில் ஒருவருக்குத்தான் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சை கிடைத்திருக்கிறது.

இந்த எண்களைத்தான் முதலில் மாற்ற வேண்டும். அதற்கு டெல்டாவின் ஒவ்வொரு தாலுகா மருத்துவமனையிலும் போதை மீட்புக்கென மருத்துவரும் படுக்கையும் வேண்டும். 64ஏ பிரிவு தரும் பாதுகாப்பைக் காவல் நிலையச் சுவரிலும் பள்ளிக்கூட வாசலிலும் தமிழில் எழுதி வைக்க வேண்டும். பறிமுதல் கணக்கை வெளியிடும்போதே, அந்த மாதம் எத்தனை பேர் சிகிச்சைக்கு வந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள் என்பதையும் மாவட்ட நிர்வாகம் வெளியிட வேண்டும்.